தூண்டிலைச் சுருட்டும் நேரம்: டர்பன் கடலில் ஒரு படகு விபத்து, நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக வாயிலுக்கு வடக்கே இருக்கும் வெட்சஸ் கடற்கரையிலிருந்து, செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், நால்வர் ஒரு படகில் மீன் பிடிக்கக் கிளம்பினார்கள். காலை பத்தரைக்குக் கரை திரும்பியிருக்க வேண்டியவர்கள், மாலை நான்கு மணிக்கு மீட்புப் படகு இழுத்துவர, துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். இடையில் நங்கூரம், இரண்டு இயந்திரங்கள், வானொலி, மூன்று கைப்பேசிகள் என ஒவ்வொன்றாகக் கைவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. படகோட்டியின் உள்ளங்கையில் தையல் போட வேண்டியிருந்தது. அவருடைய பதினைந்து வயது மகனுக்கு உடல் விறைத்துப் பேச்சு குழறியது; அன்று இரவே தேறிவிட்டான்.

இயந்திரம் நின்றது, கயிறு சிக்கியது, பேட்டரி நனைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் நால்வரிடமும் தனித்தனியாகவும், கரையில் காத்திருந்த பெண்மணியிடம் நீண்ட நேரமும் பேசிய பிறகு, இந்த விபத்தின் வேர் ஒன்பது நாற்பதுக்கும் பத்து இருபதுக்கும் இடைப்பட்ட நாற்பது நிமிடங்களில் இருப்பதாக உறுதியாக நினைக்கிறேன். அப்போது கடல் அமைதியாக இருந்தது. மீன் கடித்துக்கொண்டிருந்தது. எதுவும் பழுதாகியிருக்கவில்லை.

அவர்கள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர்களும் படகின் அடையாளமும் இல்லை.

படகும் ஆட்களும்

படகு 5.8 மீட்டர் நீளம், கண்ணாடியிழை உடல், இரட்டை அடிப்பாகம், பின்புறம் இரண்டு அவுட்போர்டு இயந்திரங்கள். அலைக்குள்ளிருந்தே கடலில் இறக்கும் இந்த வகைப் படகை இங்கே ஸ்கீ போட் என்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் 2007ஆம் ஆண்டின் சிறுபடகு விதிகள் கேட்கும் சான்றிதழ்கள் படகுக்கும் இருந்தன, ஓட்டியவருக்கும் இருந்தன. அவர் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், இளவயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர். உடன் அவருடைய மைத்துனர், மகன், தூத்துக்குடியிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த ஓர் இளம் பொறியாளர். கடலோர ஊர்க்காரர் என்றாலும் பொறியாளருக்கு நீச்சல் தெரியாது.

இந்த நான்காவது ஆளை மனத்தில் வைத்துத்தான் தமிழில் எழுதுகிறேன். டர்பனில் நம்மவர்கள் கடலுக்குப் போவது புதிதல்ல. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலுக்குப் பிறகு, ஒப்பந்தக் காலம் முடிந்த சில குடும்பங்கள் டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியேறி வலை இழுத்துப் பிழைத்தன. அந்த வழி வந்தவர்களுக்குக் காற்றின் குணம் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. இன்று சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலைக்கு வந்து, "இந்தச் சனிக்கிழமை படகுக்கு வாருங்கள் தம்பி" என்ற அழைப்பில் முதன்முறையாக இந்தக் கடலில் கால் வைப்பவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. வங்காள விரிகுடாவில் பழகிய கண்ணுக்கு டர்பன் வானம் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

காற்று எப்படி மாறுகிறது

இந்தக் கடற்கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சிறிய காற்றழுத்தத் தாழ்வுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கரையோரத் தாழ்வு என்று வானிலை அறிக்கையில் வருவது இதுதான். தாழ்வு நெருங்கும்போது வடகிழக்குக் காற்று வலுக்கும், வெப்பம் கூடும், காற்றழுத்தமானி இறங்கும். தாழ்வின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று செத்துவிடும். பிறகு, சில சமயம் பத்து நிமிடத்துக்குள், தென்மேற்குக் காற்று 25, 30 நாட் வேகத்தில் வந்து அறையும். 30 நாட் என்றால் மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர்.

எனவே வடகிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றால், கடல் கண்ணாடிபோல ஆனால், அது தென்மேற்குக் காற்றுக்கு முந்திய இடைவெளி. அன்று படகில் இருந்தவர்கள் இதை நல்ல வேளையாக எடுத்துக்கொண்டார்கள். பொறியாளர் என்னிடம், "வாந்தி நின்றது அண்ணா, அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது" என்றார். முதல்முறை போனவர் அப்படி நினைப்பது இயல்பு. படகோட்டிக்கு அந்த அமைதியின் பொருள் தெரியும்; அவரே என்னிடம் அதைச் சொன்னார். தெரிந்திருந்தும் இருந்தார் என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

தாழ்வு தெற்கிலிருந்து வருவதால் டர்பன்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஈஸ்ட் லண்டனில் காற்று எப்போது திரும்பியது, அடுத்து போர்ட் எட்வர்டில், பிறகு போர்ட் ஷெப்ஸ்டோனில் எப்போது திரும்பியது என்று நேரப்படி பார்த்துக்கொண்டே வந்தால், நம் ஊருக்கு எப்போது வரும் என்பது கண்ணுக்குத் தெரியும். வானிலை நிலையங்களின் தற்போதைய காற்று விவரம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. போர்ட் ஷெப்ஸ்டோனில் உறவினர் இருந்தால் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டாலும் போதும். அன்று இவர்கள் பார்த்தது முந்தைய இரவின் அறிக்கையை. அதில் மாற்றம் பிற்பகலில் என்று இருந்தது. காலையில் வெளியான அறிக்கை அதை முற்பகலுக்கு நகர்த்தியிருந்தது. விடியற்காலையில் படகை இழுத்து, இறக்கி, அலையைத் தாண்டும் பரபரப்பில் யாரும் அதைத் திறக்கவில்லை. முந்தைய இரவு அறிக்கையை நம்பிக் கடலுக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து.

நாற்பது நிமிடங்கள்

திட்டம் இது: 5.45க்குக் கிளம்பி, உம்லாங்கா கலங்கரை விளக்கத்துக்கு நேரே மூன்று கடல்மைல் தொலைவில் நங்கூரமிட்டு, கீல்பெக் மீனுக்குத் தூண்டில் போட்டு, 10.30க்குக் கரை. படகோட்டியின் மனைவி கையில் ஒரு தாள் கொடுக்கப்பட்டிருந்தது. அதில், "10.30 கரை. 11 வரை செய்தி இல்லையென்றால் மீட்புக்கு அழைக்கவும்" என்று எழுதியிருந்தது.

உம்லாங்காவில் மீன் இல்லை. எட்டு இருபதுக்கு நங்கூரத்தைத் தூக்கி, ஐந்து கடல்மைல் வடக்கே உம்த்லோட்டிக்கு நேரே போனார்கள். கரைக்குச் செய்தி அனுப்பவில்லை. இந்த ஓர் இடமாற்றத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்துவிட்டன.

முதலாவது, வீடு திரும்பும் தூரம் ஒன்பது கடல்மைலிலிருந்து பதினான்கு ஆனது. அமைதியான கடலில் 18 நாட் வேகத்தில் போகும் படகுக்கு அது கூடுதலாகக் கால் மணி நேரம்தான். எனவே 10.30க்குக் கரையேற வேண்டுமென்றால் பத்து மணிக்குப் பதிலாக 9.40க்கே தூண்டிலைச் சுருட்டியிருக்க வேண்டும். நால்வர் மனத்திலும் இருந்த எண் 10.30 மட்டுமே. அதற்குப் பின்னால் இருந்த 9.40ஐ யாரும் கணக்கிடவில்லை. 9.40க்குத்தான் முதல் மீன் ஏறியது.

இரண்டாவது, வரப்போகும் காற்று தென்மேற்கு; அவர்கள் போனது வடகிழக்கு. காற்று மாறிவிட்டால் வீடு நேர் எதிர்க்காற்றில் இருக்கும். எதிரலையில் அந்தப் படகு 5 நாட் வேகத்துக்கு மேல் போக முடியாது என்பது பிறகு தெரிந்தது. பதினான்கு கடல்மைல் என்பது முக்கால் மணி நேரப் பயணமாக இருந்து மூன்று மணி நேரப் பயணமாக மாறியது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல அனுபவசாலிகள்கூடத் தூரத்தை நேரமாக மாற்றும்போது காலைக் கடலின் வேகத்தையே வைத்துக் கணக்கிடுகிறார்கள். காற்று மாறும் நாளில் மீன் பிடித்தே ஆக வேண்டுமென்றால், புதிய காற்று எங்கிருந்து வருமோ அந்தப் பக்கம் போவது நல்லது. டர்பனில் அது தெற்கு: பிளஃப் மேட்டைத் தாண்டி, அமன்சிம்டோட்டி பக்கம். காற்று திரும்பினாலும் அது முதுகில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரும். பிளஃபைச் சுற்றி வந்துவிட்டால் அதன் மறைவு கிடைக்கும். பின்னாலிருந்து வரும் அலையில் வேகத்தைக் குறைத்து, அலையின் முதுகில் இருந்தே வர வேண்டும். முந்திக்கொண்டு சரிவில் இறங்கினால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். அந்தத் திறமை இல்லாதவர் அன்று வீட்டில் இருக்கலாம்.

மூன்றாவது, கரையில் இருந்த தாள் பொய்யாகிவிட்டது. அதில் இடம் "உம்லாங்கா" என்றே இருந்தது.

பத்து மணிக்கு மைத்துனர், "மாமா, கிளம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் அரை மணி. இப்போதுதான் கடிக்கிறது" என்பது பதில். கடலில் இருக்கும்போது திரும்புவதற்கு எதிராக எல்லாமே வாதாடும்: மீன், செலவழித்த பெட்ரோல், அமைதியான நீர், தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கரையில் முந்தைய நாள் எடுத்த முடிவுக்கு இவை எதுவும் எட்டாது. ஆகவே தூண்டிலைச் சுருட்டும் நேரத்தைக் கரையிலேயே குறித்துவிட வேண்டும். இடம் மாறினால் அதை அந்த நிமிடமே திருத்த வேண்டும். அதன் பிறகு வாக்கெடுப்பு கூடாது.

காற்று அறைந்த பிறகு

10.20க்குத் தெற்கு வானத்தில் கரும்பட்டை ஒன்று உருண்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் காற்று. அவசரத்தில் நங்கூரத்தைத் தூக்க முயன்றார்கள். ஸ்கீ படகுகளில் நங்கூரக் கயிற்றில் ஒரு வளையமும் மிதவைப் பந்தும் கோத்து, படகை முன்னே ஓட்டி, மிதவையே நங்கூரத்தை மேலே இழுத்துவரச் செய்வது வழக்கம். கயிறு எப்போதும் படகின் ஒரு பக்கமாக, கண்ணில் படும்படி, சாய்கோணத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும். அன்று கயிற்றுக்கு நேர் மேலேயே ஓட்டிவிட்டார்கள். தொய்ந்த கயிறு வலது புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. பின்புறம் கயிற்றால் கட்டுண்டு அலையை வாங்கும் படகு நிமிடங்களில் நிறைந்துவிடும். படகோட்டி கத்தியால் அறுத்தார். அப்போதுதான் உள்ளங்கை கிழிந்தது. நங்கூரமும் சங்கிலியும் கடலடியில் போயின. கையில் மிஞ்சியது தொண்ணூறு மீட்டர் கயிறு.

நங்கூரத்தைத் தூக்கவே முயன்றிருக்கக் கூடாது. அந்த நிலையில் கயிற்றின் முனையில் மிதவையைக் கட்டி அப்படியே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நல்ல நாளில் வந்து எடுத்துக்கொள்ளலாம். அப்படி விட மனம் வர வேண்டுமென்றால் படகில் இரண்டாவது நங்கூரம், சிறியதானாலும், இருக்க வேண்டும். இயந்திரம் நின்ற படகைக் கரையலையில் ஏறாமல் காப்பது நங்கூரம் ஒன்றுதான்.

இடது இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி எதிரலையில் முட்டிக்கொண்டு போனார்கள். இந்த இடத்தில்தான் அன்றைய இரண்டாவது பெரிய தவறு. ஓர் இயந்திரம் போய்விட்டது, நங்கூரம் இல்லை, எதிர்க்காற்று, படகில் ஒரு சிறுவன். வானொலி அப்போது வேலை செய்துகொண்டிருந்தது. ஆனாலும் யாரையும் அழைக்கவில்லை. "மேடே சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்தேன்" என்றார் படகோட்டி. மேடே என்பது உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது. அதற்கு முந்திய படி ஒன்று உண்டு: பான் பான். 16ஆம் அலைவரிசையில் அதை மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இடம், என்ன பழுது, எத்தனை பேர் என்று தெரிவித்தால், நிலைமை மோசமாகக்கூடும் என்பது கேட்பவர்களுக்குப் புரியும். மீட்பு மையம் குறித்துக்கொள்ளும். அருகில் இருக்கும் படகு எட்டிப் பார்க்கும். பிறகு நிலைமை சரியானால் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம். இது யாரையும் வீணாக அலைக்கழிப்பது ஆகாது. பத்தரைக்கு ஒரு பான் பான் சொல்லியிருந்தால், உம்த்லோட்டி என்ற இடம் கரைக்குத் தெரிந்திருக்கும்.

11.05க்கு இடது இயந்திரம் திணறி நின்றது. எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கியிருந்த நீரும் கசடும் அலையில் கலங்கி ஏறிவிட்டன. நீர் பிரிக்கும் வடிகட்டியின் கிண்ணத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் திறந்து வடிப்பது இரண்டு நிமிட வேலை. அப்போதுதான் வானொலியைக் கையில் எடுத்தார்கள். அது பேசவில்லை. பேட்டரி தரையோடு தரையாக வைக்கப்பட்டிருந்தது. ஏறிய நீரில் மூழ்கிவிட்டது. அதே பேட்டரிதான் அடிநீர் பம்புக்கும். நீர் ஏறும்போது முதலில் சாகும் இடத்தில், நீரை வெளியேற்றும் கருவிக்கும் உதவி கேட்கும் கருவிக்கும் உயிர் வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியை உயரத்தில், மூடிய பெட்டியில் வைப்பதும், நீர் புகாத கைவானொலி ஒன்றை லைஃப் ஜாக்கெட்டிலேயே மாட்டிக்கொள்வதும் செலவு குறைந்த பரிகாரங்கள். கைப்பேசிகளில் இரண்டு நனைந்து அணைந்தன. மூன்றாவதன் மின்சக்தி மீனைப் படம் பிடித்தே தீர்ந்திருந்தது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக. அலையைத் தாண்டும்போது நால்வரும் அணிந்திருந்தார்கள். தாண்டியதும் மூவர் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். நீச்சல் தெரியாத பொறியாளர் மட்டும் கழற்றவில்லை. குலுங்கும் படகில் பெட்டியைத் திறந்து, பையனுக்கு வார் மாட்ட, இரண்டு பேர் கை தேவைப்பட்டது. அந்த நேரம் நீரை இறைக்க ஆள் இல்லை. பொறியாளர் செய்ததே சரி.

வாளியும் மீன் கூடையும்

இதுவரை நடந்ததற்கெல்லாம் பொறுப்பு படகோட்டியுடையது என்றால், அடுத்து நடந்த நல்ல காரியத்துக்கும் பொறுப்பு அவருடையதே. இயந்திரம் நின்றதும் படகு பக்கவாட்டாகத் திரும்பி அலையை வாங்கத் தொடங்கியது. மிஞ்சிய கயிற்றில் இரண்டு வாளிகளையும் மீன் கூடையையும் கட்டி, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, கடலில் விட்டார். நீரில் இழுபடும் அந்தப் பாரம் அணியத்தை அலைக்கு நேரே பிடித்துக்கொண்டது. நங்கூரம்போல நிறுத்தாது, ஆனால் படகு கவிழாமல் மெதுவாக நகரும். எப்போதும் அணியத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பின்புறம் தாழ்வாகவும் இயந்திரக் கனத்தோடும் இருப்பதால் அங்கே கட்டினால் அலை உள்ளே ஏறும்.

நகர்ந்த திசை வடகிழக்கு. டர்பனுக்கு அப்பால் கண்டத்திட்டின் ஓரமாக அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. சில இடங்களில் 4 நாட் வேகத்துக்கும் மேல். ஆனால் டர்பனுக்கு நேரே கரைக்கும் அந்த நீரோட்டத்துக்கும் நடுவே ஒரு சுழல் அடிக்கடி உருவாகி, கரையோர நீரை வடக்கே தள்ளும். இவர்கள் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இருந்தது நல்லதாயிற்று. தென்மேற்குக் காற்று அகுல்ஹாஸை எதிர்த்து அடிக்கும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அங்கே வாளியும் கூடையும் தாங்கியிருக்காது.

ஃபிளேர்கள், அதாவது வானில் ஏவும் ஆபத்து ஒளிகள், இருந்தன. சிவப்புப் பாராசூட் ஃபிளேர் இரண்டு. அது சுமார் 300 மீட்டர் உயரத்தில் நாற்பது விநாடி எரியும். முதலாவதை 11.10க்கு, இயந்திரம் நின்ற பதற்றத்தில் விட்டார்கள். பட்டப்பகல், சுற்றிலும் ஒரு கப்பலும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. இரண்டாவதை எடுக்கப் பையன் பெட்டியைத் திறந்தபோது பொறியாளர் தடுத்தார்: "தம்பி, யாராவது கண்ணில் படட்டும்." அன்று படகில் பேசப்பட்டவற்றில் இதைவிடப் பெறுமதியான சொல் இல்லை. ஃபிளேர் விடும் முன் அதைப் பார்க்க ஒரு கண் எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: கப்பல், விமானம், கரையில் வீடுகள், காதில் விழும் இயந்திர ஒலி.

கரையில் இருந்தவர்

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நால்வர் உயிரோடிருப்பதற்கு முதல் காரணம் படகில் இல்லை.

படகோட்டியின் மனைவி, பொறியாளர் அக்கா என்று அழைப்பவர், அந்தத் தாளைச் சமையலறையில் ஒட்டிவைத்திருந்தார். பதினொன்றுக்கு மூன்று கைப்பேசிகளுக்கும் அழைத்தார். பதில் இல்லை. வீட்டில் இருந்த சின்னம்மா, "மீன் கிடைத்தால் ஆண்கள் நேரம் பார்ப்பார்களா? இன்னும் அரை மணி பொறுக்கலாமே" என்றிருக்கிறார். "எழுதிக் கொடுத்தது பதினொன்று. பதினொன்று ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டு மீட்பு மையத்தை அழைத்தார். தாளில் இருந்ததை வரிசையாகப் படித்தார்: படகின் பெயர், பதிவு எண், நிறம், நீளம், நான்கு பேர், அதில் ஒரு சிறுவன், நீச்சல் தெரியாத ஒருவர், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், எவ்வளவு எரிபொருள், எங்கே கிளம்பியது, எங்கே போகிறது. எதிர்முனையில் கேட்டவர் எந்தக் கேள்வியையும் இரண்டாவது முறை கேட்கவில்லையாம்.

நம் வீடுகளில் இப்படி அழைக்கும் பெண்ணைப் பதற்றக்காரி என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு அஞ்சி எத்தனை பேர் அரை மணி பொறுத்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. குறித்த நேரத்தில் அழைப்பது அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. தவறான எச்சரிக்கையாக முடிந்தாலும் மீட்பவர்கள் கடிந்துகொள்வதில்லை; முன்கூட்டி அழைப்பதையே அவர்கள் விரும்புகிறார்கள். எண் தெரியாவிட்டால் கைப்பேசியில் 112.

தென்னாப்பிரிக்காவின் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் 1967இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டில்பாய் கடலில் பதினேழு மீனவர்கள் மூழ்கி இறந்ததும், பாட்டி பிரைஸ் என்ற ஆசிரியை விடாமல் கடிதம் எழுதி இயக்கம் நடத்தியதும்தான் அதன் பிறப்புக்குக் காரணம். படகுகளில் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. அவர்கள் வழங்கும் சேஃப்டிரெக்ஸ் என்ற இலவசச் செயலி, படகின் பாதையைத் தானே பதிந்துகொண்டு, குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் வீட்டாருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அதை இயக்கியிருந்தால் இடமாற்றமும் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, அதன் கரையில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டன் என்ற வலைமீனவரும் அவருடைய கூட்டாளிகள் ஐவரும் தங்கள் மீன்பிடிப் படகை வெள்ளத்துக்குள் செலுத்தி, 170க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். படவட்டன் அறுவர் என்று டர்பன் அவர்களை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. இந்த ஊர்த் தமிழர்களுக்கு நீரில் தவிப்பவரைத் தேடிப் போகும் மரபு உண்டு. மீட்பு நிலையங்களில் நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

மீட்புப் படகு விரைவாகவே கிளம்பியது. தாளில் இருந்தபடி உம்லாங்காவுக்கு நேரே போய்த் தேடியது. அங்கே யாரும் இல்லை. ஏறத்தாழ நாற்பது நிமிடம் அங்கேயே சல்லடை போட்டுத் தேடினார்கள். 12.20க்கு, தொலைவில் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்ததும், படகிலிருந்து இரண்டாவது ஃபிளேர் எழுந்தது. கப்பலின் மேல்தளத்தில் காவலில் இருந்தவர் அதைப் பார்த்து 16ஆம் அலைவரிசையில் திசையைச் சொன்னார். 12.50க்கு மீட்புப் படகு வந்து சேர்ந்தது. பையன் அப்போது மெல்லிய சட்டையில், நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் இருந்தான். செப்டம்பரில் டர்பன் கடல்நீர் அவ்வளவு குளிர்ச்சி இல்லை. ஈர உடம்பில் படும் காற்றுதான் வெப்பத்தைப் பறிக்கிறது. காற்றுப் புகாத மேலாடை ஒன்று ஆளுக்கு ஒன்று வைத்திருந்தால் அதுவும் நேர்ந்திருக்காது.

பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு

டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் 250 கடல்மைலுக்கும் மேல். நடுவில் ஒதுங்கிக்கொள்ளத் தக்க துறைமுகம் இல்லை. அங்கே இந்த நாற்பது நிமிடக் கணக்கு ஒன்றரை நாள் கணக்காக விரிகிறது. வடகிழக்குக் காற்றில் பாய் விரித்து, அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் முதுகில் ஏறிப் போவது இன்பமான பயணம். காற்று திரும்பினால் அதே நீரோட்டம் எதிரியாகிறது. மல்லரி என்ற ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கடற்கரையில் கப்பல்களை உடைத்த அசாதாரண அலைகளை ஆராய்ந்து, 200 மீட்டர் ஆழக்கோட்டுக்குச் சற்று வெளியே, நீரோட்டத்தின் வேகமான பகுதியில், தென்மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும்போது அவை எழுவதைக் காட்டியது. இங்குள்ள பாய்மரக்காரர்களின் வழக்கம் அதோடு ஒத்துப்போகிறது: தென்மேற்குக் காற்று அடங்கிக்கொண்டிருக்கும்போது, காற்றழுத்தமானி ஏறி நிற்கும்போது கிளம்புவது, அடுத்த தாழ்வு வருவதற்குள் போய்ச் சேரும் அளவுக்கு இடைவெளி இல்லையென்றால் துறைமுகத்திலேயே இருப்பது, வழியில் மாட்டிக்கொண்டால் 200 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உட்புறம், கரையை நோக்கி வந்து நீரோட்டத்தை விட்டு விலகுவது. விடுமுறை முடிகிறது, விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்பதற்காகக் கிளம்புவது, "இன்னும் அரை மணி" என்பதன் பெரிய வடிவம்.

பிறகு

அந்தப் படகு இப்போது மறுபடியும் கடலுக்குப் போகிறது. பேட்டரி மேலே ஏறிவிட்டது. இரண்டாவது நங்கூரம், வாளிகளுக்குப் பதிலாக அணியத்தில் கட்டத் தயாராக மடித்து வைத்த கடல்குடை, இரண்டு கைவானொலிகள் இருக்கின்றன. சமையலறைத் தாளில் 10.30க்கு மேலே இன்னொரு வரி வந்திருக்கிறது: எந்த இடத்திலிருந்து எத்தனை மணிக்குத் தூண்டில் சுருட்ட வேண்டும் என்று, உம்லாங்காவுக்கு ஒன்று, உம்த்லோட்டிக்கு ஒன்று, அமன்சிம்டோட்டிக்கு ஒன்று. இடம் மாறினால் கரைக்குச் செய்தி போகாமல் நங்கூரம் இறங்காது. நேரம் பார்ப்பது பையனின் வேலை. அவன் தூண்டில் பிடிப்பதில்லை; நீர்புகாத கடிகாரமும் காலை வானிலை அறிக்கையும் அவன் பொறுப்பு. அவன் நேரம் ஆகிவிட்டது என்று சொன்னால் அப்பாவும் மாமாவும் வாதாடக் கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை.